இரண்டு கையாலும் தொடங்கிய ஆட்டம்

தொடக்க விழா கடைசிச் சுற்றன்று நடந்தது. கமலவல்லி ஃபாஸ்டனர்ஸ் கம்பெனியைத் தெரிந்தவர்கள் யாரும் இதற்கு ஆச்சரியப்படவில்லை. எம்.டி. கோதண்டராமன் கை படாமல் அங்கே ஒரு ஊதுபத்தியும் எரியக்கூடாது என்பது வழக்கம். அவரோ மெஷின் பார்க்க ஜெர்மனிக்குப் போய் நான்கு ஞாயிறு ஆகியும் திரும்பவில்லை. ஆகவே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத் தொழிலகங்களுக்கான முதலாம் சதுரங்கப் போட்டி, 1991, நான்கு சுற்றுவரை தொடங்கப்படாமலேயே நடந்துகொண்டிருந்தது.

குத்துவிளக்கு பாவம், முதல் ஞாயிறே திரி போட்டு எண்ணெய் ஊற்றி கேன்டீன் ஹாலின் நடுவில் நிறுத்தப்பட்டது. வாராவாரம் அதில் விழும் பூச்சிகளை எடுத்துப் போடுவதும் நடுவர் வேலையில் சேர்ந்துவிட்டது. நடுவர் என்றால் தாவீது சார். மிஷன் பள்ளிக்கூடத்து பி.டி. மாஸ்டர். மெட்ராசில் இரண்டு நாள் சதுரங்க நடுவர் வகுப்புக்குப் போய்வந்தவர். அந்த இரண்டு நாளும் அவர் கழுத்திலிருந்து விசிலைக் கழற்றவில்லை, போட்டியிலும் கழற்றவில்லை. யாராவது இருமினால் ஊதுவார். ஐந்தாம் ஞாயிறு எம்.டி. வருவது உறுதி என்று தெரிந்ததும், ‘தொடக்க விழா’ என்ற பேனரின் ஓரத்தில் ‘மற்றும் நிறைவு விழா’ என்று ஒரு தாளைத் தாமே எழுதி ஒட்டினார்.

இத்தனைக்கும் எம்.டி.தான் இந்தப் போட்டிக்கு மூலகாரணம். மெட்ராஸ் பையன் ஒருவன் உலகத்துப் பெரிய ஆட்டக்காரர்களையெல்லாம் உட்காரவைத்துத் தோற்கடித்துக்கொண்டிருந்த சமயம் அது. பக்கத்து கம்பெனிகள் கபடிக் கப்பும் வாலிபால் கப்பும் வைத்திருக்க, நாம் மூளைக்குக் கப் வைப்போம் என்றார். உற்சாகம் மிகுந்த ஒரு நிமிடத்தில், தொழிலாளிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, “நம்ம கம்பெனிக்கு இந்தக் கப்பை வாங்கித் தர்றவன் கேஷுவலா இருந்தா, மறுநாளே பெர்மனென்ட்” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். 

அந்தச் சொல்லை நம்பி உட்கார்ந்தவன் திருமலை.

பிள்ளைப்பாக்கத்துக்காரன். மரையேற்றும் மெஷினில் மூன்று வருஷமாக கேஷுவல். கமலவல்லியில் கேஷுவல் என்றால் ஒரு தனிக் கணக்கு உண்டு. சட்டப்படி நிரந்தரமாக்கவேண்டிய நாள் நெருங்கும்போது, பர்சனல் ஆபீசர் டில்லிபாபு கூப்பிட்டு, “உனக்கு பிரேக்” என்பார். வீட்டுக்குப் போய் உட்கார வேண்டும். பிறகு, புதிதாக வேலை கேட்டு வருகிறவனைப்போல வந்து கும்பிட்டு, பெயர் சொல்லி, “முன் அனுபவம் இல்லை” என்று எழுதிக்கொடுத்து, அதே மெஷினில் நிற்க வேண்டும். சிலசமயம் மறுபடி கூப்பிடுவார்கள், சிலசமயம் கூப்பிட மாட்டார்கள். திருமலைக்கு இந்தத் தடவை பிரேக் திங்கட்கிழமை. கடைசிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை. கூப்பிடுவது சந்தேகம் என்று டில்லிபாபு முன்கூட்டியே அன்போடு சொல்லியிருந்தார்.

திருமலை பெரிய ஆட்டக்காரன் ஒன்றுமில்லை. ஆனால் அவனைத் தோற்கடிப்பது கஷ்டம். சாப்பாட்டு நேரத்தில் தரையில் சாக்பீசால் கட்டம் போட்டு, ரிஜெக்ட் ஆன போல்ட்டுகளை யானை குதிரையாகவும் நட்டுகளைச் சிப்பாய்களாகவும் வைத்து ஆடிப் பழகியவன். மூர்மார்க்கெட் பக்கத்தில் வாங்கிய ஒரு ரஷ்யாக்காரப் புத்தகம் அவனிடம் இருந்தது. அதிலிருந்த இங்கிலீஷ் அவனுக்கு ஓடாது. கட்டத்துப் பெயரும் எண்ணும் ஓடும். அதில் ஒரே ஒரு தொடக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தான்: நடுச் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளு, குதிரையை எடு, மந்திரியை எடு, ராஜாவை யானையோடு இடம் மாற்றி மூலையில் கோட்டை கட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார். எதிராளி முட்டி முட்டிக் களைத்துப்போய் “டிரா?” என்பான். திருமலை உடனே தலையாட்டுவான். இப்படியே இரண்டு டிரா, இரண்டு வெற்றி என்று கடைசிச் சுற்றுக்கு முதலிடத்தில் வந்துவிட்டான். இன்னும் ஒரே ஒரு டிரா போதும். கப் வந்துவிடும். 

எதிரே உட்கார்ந்திருந்தவர் ரகுபதி. தண்டலம் பக்கத்துப் பெயின்ட் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆபீசர், குன்றத்தூரில் சொந்த வீடு, சட்டைப்பையில் இரண்டு பேனா. காயைத் தொடுவதற்கு முன்பு ஒவ்வொரு நகர்த்தலின் பெயரையும் வாய்க்குள் சொல்லிக்கொள்வார், எதிராளிக்குக் கேட்கிற அளவுக்கு. அவர் ஜெயித்தால்தான் கப் பெயின்ட் கம்பெனிக்கு. ஆனால் அவருக்குக் கப்பைவிட வேறொன்றில் கண். கமலவல்லியில் ஃபைனான்ஸ் மானேஜர் நாற்காலி இரண்டு மாதமாகக் காலி. அன்று எம்.டி. வருகிறார் என்று கேள்விப்பட்டு, கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு வந்திருந்தார்.

பத்து மணிக்கு மற்ற பலகைகளில் எல்லாம் ஆட்டம் தொடங்கிவிட்டது. முதல் பலகையில் மட்டும் முதல் காயை எம்.டி. நகர்த்த வேண்டும் என்பதால் இருவரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். தாவீது சார் வந்து, வெள்ளைக் காய்க்காரனான திருமலையின் கடிகாரத்தை ஓடவிட்டார்.

“சார், எம்.டி. வரல. நான் எப்பிடி சார் ஆடறது?”

“ஆடக்கூடாது.”

“அப்ப டயம் ஓடுதே சார்?”

“பத்து மணிக்கு ஓடணும். ரூல்னா ரூல்தான்” என்று தாவீது சார் விசிலைத் துடைத்தார்.

கடிகாரம் ஓடியது. சுவரோரமாய் இருந்த பெஞ்சில் திருமலையின் மனைவி காந்திமதி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். புருஷன் ஆடுவதைப் பார்க்க அவள் வந்ததே இல்லை. இன்று, திங்கட்கிழமை என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள வந்திருந்தாள்.

“இன்னா மாமா, எல்லாரும் கட்டைய நவுத்திகினு கீறாங்க. நீ மட்டும் சாமி கும்புட்ற மாதிரி குந்திகினு கீற?”

“பெரிய மனுசன் வரணும்.”

“வர்லன்னா?”

“டயம் தீந்துடும். தோத்துடுவேன்.”

“நல்லா கீதே உங்க ஆட்டம்! பந்திக்கு ஆள் வரலன்னு இலைய சாப்ட சொல்ற கதையா கீது.”

விசில் ஊதியது. காந்திமதி தாவீது சாரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் விசிலைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டார்.

திருமலையின் நேரம் பாதிக்குமேல் தின்னப்பட்ட பிறகு எம்.டி. வந்தார். பின்னாலேயே டில்லிபாபு, மாலைகள், போட்டோக்காரர். விளக்கு ஏற்றப்பட்டது. முதல் ஞாயிறு ஊற்றிய எண்ணெய் என்பதால் ஒரு திரி பிடிக்கவே இல்லை. பிடித்துவிட்டதாக எல்லாரும் கை தட்டினார்கள். எம்.டி. பேசினார். டில்லியில் நாட்டின் கதவைத் திறந்துவிட்டார்கள், இனி ஜெர்மன்காரனோடும் ஜப்பான்காரனோடும்தான் நமக்குப் போட்டி, ஒரகடம் சாலையில் போகிற மாட்டுவண்டியும் உலகச் சந்தையில்தான் போகிறது என்றார். பேசிக்கொண்டே முதல் பலகைக்கு வந்தவர், “இதென்ன டிக் டிக்னு? நிறுத்துங்க” என்றார். தாவீது சார் பாய்ந்து வந்து கடிகாரத்தை நிறுத்தினார். அது அப்புறம் ஓடவே இல்லை.

“ஃபர்ஸ்ட் மூவ், சார்” என்றார் டில்லிபாபு.

எம்.டி. கோட்டுக் கையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். குனிந்தார். இரண்டு கையையும் நீட்டினார். இடது கோடிச் சிப்பாயை ஒரு கையாலும் வலது கோடிச் சிப்பாயை ஒரு கையாலும் பிடித்து, இரட்டைக் கதவைத் திறப்பதுபோல இரண்டையும் ஒரே சமயத்தில் ஒவ்வொரு கட்டம் முன்னால் தள்ளினார்.

எல்லாரும் பலகையையும் எம்.டி.யையும் மாறி மாறிப் பார்த்தார்கள். போட்டோக்காரர் மட்டும், “சார், கை அப்படியே இருக்கட்டும்” என்றார். எம்.டி. அப்படியே இருந்தார். ஃப்ளாஷ் அடித்தது. அதன்பிறகு அந்த இரண்டு சிப்பாய்களும் சரித்திரத்தில் சேர்ந்துவிட்டன. அவற்றைத் திரும்ப எடுத்து வைக்க யாருக்கும் தைரியம் இல்லை.

தாவீது சாருக்கு மெட்ராஸ் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருந்தது. சிறப்பு விருந்தினர் நகர்த்துவது வெறும் மரியாதைக்கு, ஆட்டக்காரன் விரும்பினால் பழையபடி வைத்து வேறு நகர்த்தலாம். அவர் திருமலையின் காதருகே குனிந்தார். 

“திருமலை, உனக்கு வேணும்னா மாத்திக்கலாம். ரூல்ல இடம் இருக்கு.”

“மாத்திடட்டுமா சார்?”

“மாத்து. ஆனா என் பேரச் சொல்லாத.”

திருமலை மாற்றவில்லை.

“எங்க குடும்பத்துல இப்படித்தான் ஆரம்பிப்போம்” என்று எம்.டி. எல்லாரையும் பார்த்துச் சொன்னார். “எங்க அப்பா ஆடின முறை. ரெண்டு சிப்பாய், ஒவ்வொரு அடி. அவங்களும் அதே மாதிரி ரெண்டு. அதுதான் நியாயம். வெள்ளைக்காரன் வந்துதான் இதையெல்லாம் கெடுத்தான். மிஸ்டர்…?”

“ரகுபதி, சார். அக்கவுண்ட்ஸ்.”

“ரகுபதி. உங்களுக்கு இந்த ஓபனிங் தெரியுமோ?”

தெரியாது என்று சொல்ல ரகுபதிக்கு ஒரு நொடி கிடைத்தது. அந்த நொடியில் அவர் கண்ணுக்குத் தெரிந்தது ஃபைனான்ஸ் மானேஜர் நாற்காலி.

“தெரியாம என்ன சார்! ரொம்ப ஆழமான லைன். இப்ப யாரும் ஆடறதில்ல, அதான் வருத்தம்.”

“பழைய ரூல் எல்லாம் தெரியும்ல?”

“எல்லாமே சார். நான் வளர்ந்ததே அதுலதான்” என்று சொல்லி, அவரும் இரண்டு கையையும் நீட்டித் தம் பக்கத்துக் கோடிச் சிப்பாய்களை ஒரே சமயத்தில் நகர்த்தினார். எம்.டி. முகம் மலர்ந்தது.

திருமலையை யாரும் கேட்கவில்லை. கேஷுவலைக் கேட்கும் வழக்கம் கமலவல்லியில் இல்லை.

வழக்கமாகச் சிறப்பு விருந்தினர்கள் முதல் காயை நகர்த்திவிட்டு ஜூஸ் குடிக்கப் போய்விடுவார்கள். எம்.டி. நாற்காலி கேட்டார். “என் ஓபனிங் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டுதான் போவேன்” என்று பலகையின் பக்கவாட்டில் உட்கார்ந்துவிட்டார்.

திருமலை மனதுக்குள் புத்தகத்தைத் திறந்தான். ஓரத்தில் இரண்டு சிப்பாய் நகர்ந்தால் என்ன, நம் பாட்டை நாம் பாடுவோம் என்று நடுச் சிப்பாயை எடுத்து இரண்டு கட்டம் தள்ளினான்.

“ஆங்!” என்றார் எம்.டி. “சிப்பாய் ஒரு அடிதான். ரெண்டு அடி எடுத்து வைக்கிறவன் சிப்பாய் இல்ல, திருடன்.”

“கரெக்ட் சார்” என்றார் ரகுபதி.

திருமலை சிப்பாயை ஒரு கட்டம் பின்னால் இழுத்தான். புத்தகத்தின் முதல் வரி போயிற்று. குதிரையை எடுத்தான், மந்திரியை எடுத்தான். எப்படியோ வழி பண்ணிக்கொண்டு, நம் மூலைக்குப் போய்விட்டால் பிறகு ஒரு பயமும் இல்லை என்று ராஜாவையும் யானையையும் இடம் மாற்றக் கை வைத்தான்.

“அதென்னப்பா ரெண்டு காயை ஒண்ணா எடுக்கற?” என்றார், சற்றுமுன் இரண்டு சிப்பாயை ஒன்றாக எடுத்தவர்.

“கோட்டை கட்றேன் சார்.”

“ராஜா எதுக்கு ஓடி ஒளியணும்? அதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சது. நம்ம முறையில கிடையாது. ராஜான்னா நடுவுல நிக்கணும்.”

“நின்னே ஆகணும் சார்” என்றார் ரகுபதி.

ஆக திருமலையின் ராஜா நடுவில் நின்றது. மழையில் நனைகிறவனைப்போல நின்றது. கோட்டைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்துவதைத் தவிர வேறெதுவும் கற்றுக்கொள்ளாதவனைக் கோட்டை கட்டாதே என்று சொல்லிவிட்டால் அவன் என்னதான் செய்வான்? முதலில் ஒரு குதிரை போயிற்று. அதைக் காப்பாற்றப் போன மந்திரி போயிற்று. ரகுபதி ஒவ்வொரு காயையும் வெட்டும்போது எம்.டி.யின் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். எம்.டி. “பேஷ்!” என்பார். டில்லிபாபுவும் “பேஷ்!” என்பார். தம் கம்பெனிக் காய் வெட்டுப்படுகிறது என்பது டில்லிபாபுவுக்குத் தெரியாது. அவர் எம்.டி.யின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராணி போனபோதே ஆட்டம் முடிந்துவிட்டது. விஷயம் தெரிந்த யாரும் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்துவிடுவார்கள். திருமலைக்கும் எழுந்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் எப்படி எழுவது? ஒப்புக்கொள்கிறவன் எதிராளியிடம் கை நீட்டிக் குலுக்க வேண்டும். ஒரு கேஷுவல், அக்கவுண்ட்ஸ் ஆபீசரிடம், தானாக முதலில் கையை நீட்டுவதா? நீட்டி, அவர் பிடிக்காமல் விட்டுவிட்டால் அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது? ராஜாவைச் சாய்த்துப் படுக்கவைத்தாலும் போதும்தான். ஆனால் எம்.டி. முன்னாலே, அவர் தொடங்கிவைத்த ஆட்டத்தின் ராஜாவைச் சவம்போலப் படுக்கவைக்க முடியுமா? அதைவிட, எம்.டி. உட்கார்ந்திருக்கும்போது இவன் எழுந்து நிற்பதெப்படி, எழுந்தால் உத்தரவு கேட்க வேண்டுமா, கேட்காமல் போனால் மெமோ வருமா? இந்தச் சந்தேகங்களில் அவன் அடுத்த காயை நகர்த்தினான். அதுவும் வெட்டுப்பட்டது.

காந்திமதி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பின்னால் நின்றாள். ஆட்டம் தெரியாவிட்டாலும் எண்ணத் தெரியும்.

“இன்னாய்யா, உங்கிட்ட ரெண்டுதான் கீது. அந்தாளாண்ட அவ்ளோ கீது.”

“சும்மா இரு.”

“அவரு எல்லாத்தையும் வாரிகினு போறாரு, நீ எடுத்து எடுத்துக் குட்த்துகினு கீற. தானமா பண்ற?”

தாவீது சார் விசிலைத் தேடினார். சட்டைக்குள் மாட்டிக்கொண்டு வரவில்லை.

கடைசியில் திருமலையிடம் ராஜாவும் ஒரு சிப்பாயும் மிஞ்சின. ரகுபதியிடம் ராணி, இரண்டு யானை, ஒரு குதிரை. அந்த இடத்தில் ரகுபதியின் யானை கடைசி வரிசைக்கு இறங்கினால் போதும், ராஜா மாட்டிக்கொள்ளும். ஒரே நகர்த்தல். திருமலைக்கு அது பளிச்சென்று தெரிந்தது. பிரேக், கும்பிடு, முன் அனுபவம் இல்லை, கூப்பிடாமல் விட்டால் லாரி ஷெட்டில் எடுபிடி வேலை என்று வரிசையாக ஓடிற்று. யானையைப் பார்க்காதே, பார்த்தால் அவருக்கும் தெரிந்துவிடும் என்று குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ரகுபதிக்கும் தெரிந்துதான் இருந்தது. அவர் கை யானையின் மேல் போயிற்று. போன கை நின்றது. யானையை இறக்கினால் ஆட்டம் முடிந்துவிடும், எம்.டி. எழுந்துபோய்விடுவார். இன்னும் ஒரு காய் இருக்கிறது வெட்டுவதற்கு. இன்னும் ஒரு ‘பேஷ்’ பாக்கி இருக்கிறது. அவர் யானையை விட்டுவிட்டு, சுண்டுவிரலை உயர்த்தியபடி ராணியை எடுத்து, நீளமாக ஒரு கோடு இழுத்துக்கொண்டு போய், அந்தக் கடைசிச் சிப்பாயை வெட்டி, வெட்டிய காயை எம்.டி.யின் பக்கமாகவே கொண்டுபோய் மேசையில் வைத்தார்.

எம்.டி. “பேஷ்” என்று சொல்லவில்லை. இரண்டு கையையும் தட்டிக்கொண்டு எழுந்தார்.

“முடிஞ்சது! டிரா!”

ரகுபதி சிரித்தார். எம்.டி. ஜோக் அடித்தால் சிரிப்பது அவருக்கு வழக்கம். டில்லிபாபுவும் சிரித்தார். எம்.டி. மட்டும் சிரிக்கவில்லை.

“சார்… இன்னும் ஒரு மூவ். மேட்.”

“படையே இல்லாத ராஜாவை என்ன மேட் பண்றது? அது வீரமா? ராஜா தனியா நின்னுட்டா ஆட்டம் சமம். எங்க அப்பா காலத்து ரூல். எதிராளியைக் கட்டின துணியில்லாம ஆக்கினா, வெட்கம் ஆக்கினவனுக்குத்தான். அதனால, கடைசிக் காயை வெட்டுறதுக்கு முன்னாலயே மேட் பண்ணிடணும். அதுலதான் சாமர்த்தியம்.” நின்று, ரகுபதியை ஏற இறங்கப் பார்த்தார். “உங்களுக்குத்தான் எல்லா ரூலும் தெரியுமே?”

ஹாலில் இருந்த அத்தனை பேரும் ரகுபதியைப் பார்த்தார்கள். தெரியாது என்றால் இதுவரை சொன்னதெல்லாம் பொய். தெரியும் என்றால் கப் போயிற்று. அவர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார். கப்பையும் நாற்காலியையும் தராசில் வைப்பது அவர் முகத்தில் தெரிந்தது. நாற்காலி கனமாக இருந்தது.

“தெரியும் சார். தம்பிக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் அந்த சிப்பாயை வெட்டினேன்.”

“தம்பிக்குத் தெரிஞ்சுதான் இருக்கு!” என்று எம்.டி. திருமலையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். “ஒண்ணொண்ணா குடுத்துக்கிட்டே வந்தான் பாருங்க. என்ன பிளானிங்! எனக்குப் பாதியிலயே புரிஞ்சுபோச்சு, நான்தான் வெளியில சொல்லல.”

திருமலை குனிந்துகொண்டான். அதை அடக்கம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 

தாவீது சாருக்கு விசில் கடைசியில் வெளியே வந்துவிட்டது. உலக சதுரங்கச் சம்மேளனத்தின் விதிப் புத்தகம் அவர் கக்கத்தில்தான் இருந்தது. அதை இன்னும் கொஞ்சம் இறுக்கி இடுக்கிக்கொண்டு, நீளமாக ஒரு ஊது ஊதி, “டிரா! ஆளுக்கு அரைப் புள்ளி!” என்று அறிவித்தார்.

“இன்னாச்சி?” என்றாள் காந்திமதி. “தோத்தியா, கெலிச்சியா?”

“ரெண்டும் இல்ல.”

“அப்போ நாளிக்கு வேல கீதா, இல்லியா? அத்த சொல்லு.”

அதைத்தான் அவனும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அரைப் புள்ளி போதும். கப் கமலவல்லிக்கு வந்துவிட்டது. பரிசளிப்புக்கு மேடையேறியபோது டில்லிபாபு எம்.டி.யின் காதில் கையை வைத்து மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னார். மைக் பக்கத்தில் இருந்ததால் கையை மீறி ஹால் முழுக்கக் கேட்டது. 

“சார், பெர்மனென்ட்னு சொல்லியிருந்தீங்க. ஒருத்தனை ஆக்கினா வெளியில நிக்கறவன் எல்லாம் கேட்பான் சார்.”

எம்.டி. யோசித்தார். பெரிய மனிதர்கள் யோசிக்கும்போது கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்வது வழக்கம். பிடித்துக்கொண்டது.

“நான் வாக்குத் தவற மாட்டேன்” என்றார் மைக்கில். கைதட்டல். “ஆனா இன்னிக்கு இந்த ஆட்டம் நமக்கு ஒரு பாடம் சொல்லிக்குடுத்திருக்கு. யாரும் ஜெயிக்கல. யாரும் தோக்கல. நிர்வாகமும் தொழிலாளியும் அப்படித்தான் இருக்கணும். தம்பி டிரா பண்ணான். அதனால தம்பிக்கு நாமளும் டிரா. நாளைக்கு பிரேக் கிடையாது. இனிமே எப்பவும் பிரேக் கிடையாது. ஆனா பெர்மனென்ட்டும் கிடையாது. இந்தக் கம்பெனியோட முதல் பெர்மனென்ட் கேஷுவல், இந்தத் தம்பி!”

கைதட்டல் காதைப் பிளந்தது. ரகுபதியும் தட்டினார். இருக்கிறதிலேயே பலமாக அவர்தான் தட்டினார்.

திரும்பும் வழியில், பஸ் ஸ்டாப்பில் கப்பைத் துண்டால் சுற்றி வைத்துக்கொண்டு திருமலை நின்றான். கப் கம்பெனியுடையது, போட்டோவுக்காக ஒரு நாள் வீட்டுக்குக் கொடுத்திருந்தார்கள்.

“பெர்மனென்ட் கேசுவல்னா இன்னா மாமா?”

“தொரத்த மாட்டாங்க.”

“சம்பளம்?”

“அதேதான்.”

“லீவு? பி.எஃப்.?”

“இல்ல.”

“சாப்பாடு? உள்ள கேன்டீன்ல பெர்மனென்ட்டுக்குப் போட்றாங்களே?”

திருமலை யோசித்தான். “அத்தப் பத்தி ஒண்ணும் சொல்லல.”

“கேக்க மாட்டியா?” என்றாள் காந்திமதி. “எத்தக் குட்த்தாலும் மண்டைய ஆட்டு. அதான் அந்தாளு உன் கட்டைய எல்லாம் வாரிகினு போனான்.”

திங்கட்கிழமை காலையில் டில்லிபாபு புது அட்டையோடு காத்திருந்தார். பெர்மனென்ட்டுக்கு வெள்ளை அட்டை, கேஷுவலுக்கு மஞ்சள். இரண்டையும் குறுக்காக வெட்டி நடுவில் ஒட்டி, ஒட்டின இடத்தில் சீல் வைத்திருந்தார். “ராத்திரி முழுக்க யோசிச்சேன் திருமலை. இதுக்கு முன்மாதிரியே இல்ல” என்றார், களைப்போடும் பெருமையோடும்.

பன்னிரண்டரை மணிச் சங்கு ஊதியது. பெர்மனென்ட் ஆட்கள் கேன்டீனுக்குள் போனார்கள். கேஷுவல்கள் வழக்கம்போல சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தூக்குச்சட்டியோடு போனார்கள். திருமலையிடம் அன்று தூக்குச்சட்டி இல்லை. காந்திமதி கட்டித் தரவில்லை. “உள்ள போய்த் துன்னு. போட்லன்னா பட்னியா வா. அப்பவாவது வாயத் தொறக்குறியான்னு பாக்றேன்” என்று அனுப்பியிருந்தாள்.

அவன் சோறு போடும் ஜன்னல் முன்னால் போய் நின்று அட்டையை நீட்டினான். கரண்டியோடு நின்ற கிளியம்மாள் அட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

“இன்னாடா இது, மஞ்சக்காமால வந்த மாரி கீது?”

“பெர்மனென்ட் கேசுவல்க்கா.”

“நேத்து மைக்குல கத்துனாங்களே, அதுவா? சரி, உனக்கு சோறு கீதா இல்லியா?”

“தெரிலக்கா.”

கிளியம்மாள் நியாயமானவள். அட்டையின் நடுவில் போகிற கோட்டை விரலால் தடவிப் பார்த்தாள். 

“இப்பிடி வச்சிக்கலாம். பாதி சோறு. சாம்பார் உண்டு. கூட்டு இல்ல. அப்பளம் பாதி. உனுக்கும் வேணாம் எனுக்கும் வேணாம். இன்னா சொல்ற?”

இத்தனை வருஷமாக இப்படி யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிப் பழகிய தலை அது. ஆட்டத்திலும் சரி, மெஷினிலும் சரி, டில்லிபாபு முன்னாலும் சரி. அன்றும் ஆடத்தான் கிளம்பியது. ஆனால் வயிறு காலையிலிருந்து காலி.

“இல்லக்கா. முழுசாப் போடு.”

“எந்த ரூல்ல?”

திருமலை அட்டையில் இருந்த சீல்மேல் விரல் வைத்தான். பிறகு, “எம்.டி. வூட்டு ரூல்ல” என்றான்.

கிளியம்மாள் அவனைப் பார்த்தாள். எம்.டி. அவன் முதுகில் தட்டியதை அவளும்தான் பார்த்திருந்தாள். அவர் வீட்டில் என்னென்ன ரூல் உண்டு என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நேற்று நடுவருக்கே தெரியவில்லை. தட்டை எடுத்தாள். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம். 

தட்டை வாங்கிக்கொண்டு திரும்பினால், அடுத்த மெஷினில் நிற்கும் கேஷுவல் கார்முகில் பின்னால் நின்றுகொண்டிருந்தான். கையில் மஞ்சள் அட்டை. 

“எனுக்கும் அதே ரூல்தான்க்கா” என்றான்.

அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அவனுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து தூக்குச்சட்டியை மூடிக்கொண்டு நாலைந்து பேர் வந்துகொண்டிருந்தார்கள். டில்லிபாபு கதவோரத்திலிருந்து, “ஏய், ஏய், யாருப்பா அது, இதுக்கெல்லாம் முன்மாதிரி…” என்று தொடங்கி, எதிரே திருமலையின் தட்டைப் பார்த்து, வாக்கியத்தை எப்படி முடிப்பதென்று தெரியாமல் நின்றார்.

திருமலை அவரைத் தாண்டிப் போய் பெஞ்சில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கினான். ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்த கிளியம்மாள் வரிசை எங்கே முடிகிறது என்று தேடினாள். தெரியவில்லை. உள்ளே திரும்பி, “எம்மா, இன்னொரு ஒலை வைங்க” என்றாள்.